ஐந்தாவது ஃபவுல்

பாஸ்கெட்பால் ஆட்டம் முடிய ஏழு நொடி இருக்கிறது. ஒன்பது வருடமாக ஏழு நொடிதான் இருக்கிறது. எங்கள் கோச் பரமானந்தம் டைம் அவுட் கேட்டார், கொடுத்தார்கள். அவர் ஒரு முடிவுக்கு வரும்வரை கடிகாரம் ஓடாது.

நாங்கள் மூன்று பாயிண்ட் முன்னால் இருக்கிறோம். பந்து அவர்களிடம். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் தவசிமுத்து, மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறான். போகிற வருகிறவர்கள் அவனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. கேலரி மூன்றாம் வரிசையில் வைத்து அமலிக்குத் தாலி கட்டினேன். நடுவர் வந்து வாழ்த்தினார். அடுத்த வருடம் செத்துப்போனார். விசிலை அவர் மகளுக்குக் கருணை அடிப்படையில் கொடுத்தார்கள். நல்ல பெண். ஊதத் தெரியாது.

துறை ஆணை ஒன்று உண்டு. கடைசி விசிலின்போது ஜெயித்த அணியில் கோட்டுக்குள் நிற்கும் ஐந்து பேருக்கு வேலை நிரந்தரம். நான் பதினான்கு வருடமாகத் தற்காலிகம். அமலி தினமும் கேட்பாள், "இன்னைக்காவது முடிவு எடுத்துருவாவளா?"

செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள்.

பரமானந்தம் பலகையில் வரைந்து காட்டினார். எறிய விட்டால் மூன்று, ஆட்டம் சமன். எறியும் முன் ஃபவுல் செய்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும். இரண்டும் விழுந்தாலும் ஒரு பாயிண்ட் எங்களுக்கு மிச்சம். சரியான யோசனைதான். ஒன்பது வருடம் யோசித்தவருக்கு இதுகூட வராதா.

"கபிரியேலு, நீ அடி."

"சார், எனக்கு நாலு ஃபவுல் ஆயாச்சு. இன்னொண்ணு விழுந்தா வெளிய போயிருவேன்."

"தெரியும்ல."

"ஒங்க மச்சினனுக்கு ஒண்ணுதான இருக்கு."

"அவனுக்கு ரெண்டாச்சுன்னா புரமோஷன் சமயத்துல அத பாப்பாவல்லா."

மச்சினன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவன் ஷூவில் லேஸ் கிடையாது.

நடுவரின் மகள் விசில் ஊதினாள். சத்தம் வரவில்லை. வந்ததாக வைத்துக்கொண்டோம். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

தவசிமுத்துவை நோக்கி ஓடினேன். கோர்ட் நீண்டுகொண்டே போனது. இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஆறு நொடி இருந்தது.

"அடிக்கப் போறீயளா அண்ணாச்சி?"

"ஆமா தம்பி."

"அடிக்காட்டி போட்டுருவேன். ஒம்பது வருசமா குறி பாத்திருக்கேன். சமன் ஆனா எக்ஸ்ட்ரா டைம் உண்டும்லா. நீங்க உள்ளயே நிக்கலாம்."

ஆசையாக இருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும்.

"அடில" என்று பரமானந்தம் கத்தினார். பதினான்கு வருடப் பழக்கம். கை தானாகப் போய் அவன் மணிக்கட்டில் விழுந்தது.

ஐந்தாவது ஃபவுல். எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகச் சொன்னார்கள். கோடு இரண்டு அங்குலம்தான். தாண்டி முடிக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. வெளியே ஒரு மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"எத்தன வருசம் ஆடினீரு?"

"பதினாலு."

"ஒம்ம பேர்ல அஞ்சு ஃபவுல்தான் இருக்கு. வேற ஒண்ணும் செய்யலியா?"

"இந்த மேட்ச்ல மட்டும் இருபத்திரெண்டு பாயிண்ட் போட்டேன்."

"அது டீம் பேர்ல இருக்கு."

உள்ளே ஃப்ரீ த்ரோ இரண்டும் விழுந்தன. மிச்ச நொடிகள் மளமளவென்று ஓடின. கடைசி விசில் மட்டும் நன்றாகக் கேட்டது. எங்கள் அணி ஒரு பாயிண்ட்டில் ஜெயித்தது. ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து ஆணை கொடுத்தார்கள். எனக்குப் பதிலாக உள்ளே போனவர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். அவருக்கும் கிடைத்தது. அவர் அதையும் இரண்டாகக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அமலி கேலரியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஆர்டர் குடுத்தாவளா?"

"குடுத்தாச்சு. அஞ்சு பேருக்கு."

அவள் அந்த ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தாள். அழவில்லை.

பரமானந்தம் கழுத்தில் மாலையோடு வந்தார். "நான் எடுத்த முடிவு சரியாப் போச்சு, பாத்தியா?"

சரியாகத்தான் போயிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சனிக்கிழம அடுத்த மேட்ச். வந்துரு."

"என்னயத்தான் வெளிய அனுப்பியாச்சே சார்."

"அது இந்த மேட்ச்சுக்கு. அடுத்ததுல நாலு ஃபவுலோடயே எறங்கு. கடைசில அடிக்க ஒரு ஆளு வேணும்லா."

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அமலி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். துப்பினால் தடுக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"எத்தன மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டேன்.

அமலி கையை விட்டுவிட்டாள்.