எதிர் வீட்டுக்குக் கேட்டது

வெல்டரின் மனைவி கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். சாவியக்கா கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, குழாயைத் திருகிக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. இவ்வளவு நேரமும் சுவர் அலமாரியின் அருமை பெருமைகளைக் காலி ஹாலுக்குத்தான் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்குப் புதிதில்லை என்பது வேறு விஷயம்.

“உள்ள வாம்மா. வெயில்ல ஏன் நிக்கிற?”

“வேணாங்க்கா.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எதிர் வீட்ல சொன்னாங்க. சாயங்காலமானா உள்ள லைட் எரியுதாம். ஒரு பொம்பள பேசுற சத்தம் கேக்குதாம். முன்னாடி இங்க இருந்தவங்களாம். புருஷன் போனதும் அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தவங்களாம். இன்னும் அவரோடதான் பேசிட்டிருக்காங்களாம்.”

சாவியக்கா எதிர் வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சாவியக்கா என்பது குழு வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து, பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தேடிப் பிடித்து, வீட்டுக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, தினக்கூலிக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு வாங்கிக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் இரண்டு பக்கமும் தாராளமாகக் கிடைக்கும். அவளை இதில் இழுத்துவிட்டதே அவள் கணவர்தான். வயர்மேன். எந்த வீட்டின் சாவி வந்தாலும் முதலில் அவர்கள் இருவரும்தான் போவார்கள். நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த வீட்டைக் கண்டால் தெரு மிரளும், அதில் குடியேறுகிறவர்களையும் ஒரு மாதிரியாகப் பார்க்கும் என்பது அவர் கணக்கு. அதனால் ஆள் வருவதற்கு முன்பே சில நாட்கள் சாயங்காலம் போய் விளக்கைப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, பெருக்கித் துடைத்துவிட்டு வரவேண்டும். “வீட்டுக்கு மனுஷ வாடை பழகணும், தெருவுக்கு வெளிச்சம் பழகணும்” என்பார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு செருமல், முற்றுப்புள்ளி வைக்கிற மாதிரி.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். வழக்கத்தை அவள் விடவில்லை. இந்த வீட்டு முன் கேட்டின் பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால் பின்சந்து வழியாகத்தான் போய்வந்தாள். இன்றைக்குத்தான் எண்ணெய் விட்டு அதைத் திறக்க முடிந்தது. ஆக, அவள் உள்ளே போனதைத் தெரு ஒருநாளும் பார்க்கவில்லை. வெளிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறது. பயத்தைப் போக்கப் போட்ட விளக்கே பேயாகி நின்றுவிட்டது.

பேச்சும் அப்படித்தான். சுவிட்சு போர்டைத் தட்டிப் பார்த்து, “இது ஆடுதுங்க” என்பாள். குழாய் சொட்டினால், “வாஷர் போயிருக்கு, பாருங்க” என்பாள். அங்கே தொடங்கி, கால்வலி, மகன் போன் செய்யாதது, பால்காரனின் திமிர் என்று எல்லாம் வந்துவிடும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள், அவர் கேட்டுக்கொள்ள. சொந்த வீட்டில் அதற்கு வழியில்லை. அது அடுக்குமாடியில் ஒரு பொந்து. சுவர் பேருக்குத்தான் சுவர். பக்கத்து வீட்டு டிவித் தொடரில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்பது ஒரு காட்சிகூடப் பார்க்காமலே அவளுக்கு மனப்பாடம். தனியாகப் பேசினால் கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்று மகனுக்குச் செய்தி போய்விடும். அதனால் அங்கே வாயைத் திறப்பதில்லை.

இப்போது செல்போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“என்னம்மா, அவங்க வர்றாங்களா இல்லையா? இன்னிக்குச் சொல்லலைன்னா சிமெண்ட் கடைக்காரருக்கு கோடவுனா விட்டுடறேன். பேய்கிட்டல்லாம் என்னால வாடகை வசூல் பண்ண முடியாது.”

“பத்து நிமிஷம் பொறுங்கய்யா.”

வெல்டரின் குடும்பம் இப்போது ஒண்டியிருப்பது அவர் அக்கா வீட்டு ஹாலில். குறுக்கே ஒரு புடவையைத் திரையாகக் கட்டி இந்தப் பக்கம் இவர்கள். அக்கா மகள் பிரசவத்துக்கு வருகிறாள், திரையை அவிழ்த்தே ஆகவேண்டும். இந்த வீடும் கைவிட்டுப் போனால் பழையபடி வெல்டிங் பட்டறையின் பின்பக்கத் தகரக் கொட்டகைதான். அந்தப் புகையில்தான் குழந்தைக்கு இழுப்பு வந்தது.

போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையில் செல்போன்கூட இருந்தது. யாரும் சந்தேகப்படப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொல்வது, பக்கத்தில் நிற்கும் தன் கணவரைத் தெரியாத ஆள் என்று கைகாட்டுவது மாதிரி இருந்தது. செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குள் எதிர் வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலில் தலையை நீட்டிவிட்டாள். பக்கத்துக் கடைக்காரரும் வெளியே வந்துவிட்டார்.

“லைட் போட்டது நான்தான்மா,” என்றாள் சாவியக்கா. “பேசினதும் நான்தான்.”

“யாரோட பேசுனீங்க?”

“எங்க வீட்டுக்காரரோட.”

வெல்டரின் மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். “அவருதான் இல்லையேக்கா?”

“இல்ல. அதான் இங்க வந்து பேசினேன். எங்க வீட்ல பேச முடியாது.”

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. கடைக்காரர் சட்டென்று உள்ளே போய்விட்டார். வெல்டரின் மனைவி சிரிப்பாள் என்றுதான் சாவியக்கா நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

“நானும் எங்க வீட்டுக்காரரும் வாய்விட்டுப் பேசி எத்தனையோ காலமாச்சுக்கா,” என்றாள். “திரைக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரு. சண்டைகூட குசுகுசுன்னுதான்.”

மகளின் கையை விட்டாள். குழந்தை ஓடிப்போய் வெறும் ஹாலில் “ஓ” என்று கத்திப் பார்த்தது. அவளும் உள்ளே போனாள். சாவியக்கா வீட்டுக்காரருக்குப் போனில் சம்மதம் சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

தெருவில் இறங்கியபோது தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்புடன் காத்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பேசினது நீங்கன்னு ஒத்துக்கறேன். அந்த ஆம்பளைக் குரல் யாருது?”

“எந்தக் குரல்?”

“நீங்க பேசி நிறுத்தினதும் கேக்குமே. ரொம்பத் தணிஞ்ச குரல்.”

சாவியக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னாரு?”

“வார்த்தை பிடிபடல. மெஷினை நிறுத்திட்டுக்கூடக் கேட்டுப் பாத்தேன். கடைசியில ஒரு செருமல் மட்டும் தெளிவாக் கேக்கும்.”

பயம் வரவில்லை. வந்தது வயிற்றெரிச்சல். எதிர் வீட்டுக்குக் கேட்ட குரல், பக்கத்திலேயே நின்ற தனக்குக் கேட்கவில்லையே. இன்னும் ஒரே ஒரு சாயங்காலத்துக்குச் சாவியைக் கேட்டு வாங்கலாமா என்று திரும்பினாள். உள்ளே குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் அம்மா போனில் புருஷனிடம், “சத்தமாவே பேசுங்க, இங்க யாரும் இல்ல!” என்று சொல்லிச் சிரித்தாள். சாவியக்கா கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள்.

தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் போய் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“நம்ம வீட்டுக் குழாயும் சொட்டுதுங்க,” என்றாள் உரக்க.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். குழாய்தான் சொட்டியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.