ரெண்டுக்கும் ஒரே டயர்

என் வீட்டுக்காரர் காளிராஜ் எப்போதாவது ரேஸ் டிராக்கிலும் பைக் ஓட்டுவார்; அந்த பைக்குக்கு டயர் வாங்க நானும் கூடப் போனேன். ராமநாதபுரத்தில் சீனி முகம்மது பாய் கடை. அவர் இரண்டு டயர்களை எடுத்து நிறுத்தினார். ஒன்றில் பட்டன் பட்டனாக ரப்பர் மேடு நிறைய இருந்தது. இன்னொன்று ஓரமெல்லாம் மொழுமொழுவென்று கிடந்தது.

"ரேஸ் டிராக்குக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர்னா எதுலயாச்சும் விட்டுக்குடுக்கணும் தம்பி," என்றார் பாய். "பட்டன் உள்ளது மண்ணுக்கும் மழைக்கும் நிக்கும், டிராக்குல கொஞ்சம் கம்மி. மத்தது டிராக்குல ஒட்டிக்கிட்டு ஓடும். ஆனா சூடு ஏறுனாத்தான் பிடிக்கும். தூசி கீசின்னா விட்டுரும்."

"டிராக்குக்கு எப்பவோ ஒரு நா போவீக. தெனமும் போறது வாலிநோக்கம் உப்பளத்துக்குத்தான? பட்டன் உள்ளதையே எடுங்க," என்றேன்.

"சூட்டை நான் ஏத்திக்கிறேன். உனக்கு என்னா தெரியும்?" என்று மொழுமொழு டயரையே மாட்டச் சொல்லிவிட்டார். மனுசன் ஒன்றை நினைத்துவிட்டால் சாமியே இறங்கி வந்தாலும் கேட்க மாட்டார்.

ஒரு நாள் காலை, உப்பு லாரி தண்ணீர் சொட்டிப் போன தடத்தில் பின்சக்கரம் வழுக்கி இழுத்தது. பின்னால் இருந்த நான் அவர் சட்டையைக் கிழிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டயர் இன்னும் சூடாகல புள்ள," என்று சிரித்தார். அது சூடாகிற வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டா உட்கார்ந்திருப்பது?

டிராக்கில் ஓட்டப் போகும் நாள் அதைவிட மோசம். கோயம்புத்தூர்ப் பக்கம் அதே வண்டியில் போய், ஓட்டிவிட்டு, அதே வண்டியில் திரும்புவார். "அங்கன எல்லாரும் ஒரே தெசையில போவோம். ஆடு மாடு குறுக்க வராது. டாக்டர் நிப்பாரு. நம்ம ரோட்டைவிட அது பத்திரம்," என்பார். யாருக்கு வேண்டும் அந்தச் சமாதானம்!

போன தை மாதமும் சனிக்கிழமையே கிளம்பிப் போனார். ஞாயிறு விடிந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கஞ்சி இறங்கவில்லை. ஆனால் வேலை கிடக்கிறதே. அறுத்த குதிரைவாலி காய்ந்து கிடந்தது. களத்தில் பங்காளி வீட்டுக் கதிர். தார்ரோட்டில் பரப்பினால் பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து மணி உதிர்ந்துவிடும், ஊரே செய்வதுதான். சிக்கல் ஊருக்குப் போகிற பக்கம் முழுக்க மற்றவர்கள் பரப்பிவிட்டார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய் வளைவுதான் காலியாக இருந்தது. என் நாத்தனார் கனகலட்சுமியும் நானும் அங்கே பரப்பினோம். மாரியாத்தா, அந்த டிராக்கில் அவரைக் காப்பாத்து என்று சொல்லிச் சொல்லியே பரப்பினேன்.

மத்தியானம் போன் வந்தது. "முடிஞ்சிருச்சு. ஒடம்புல ஒரு கீறல் இல்ல. கெளம்பிட்டேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாப்பிட்டுப் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. "அண்ணே போன் பண்ணுச்சு. முதுகுளத்தூர்ல டீ குடிச்சிட்டு அப்பவே கெளம்பிருச்சு," என்றாள் கனகலட்சுமி.

முதுகுளத்தூர் ரோடு. கண்மாய் வளைவு. அவர் போகும்போது அங்கே ஒரு துரும்பு கிடையாது. ஆள் இல்லை என்றால் அந்த வளைவில் முட்டி தரையில் உரசுகிற மாதிரி வண்டியைச் சாய்ப்பார். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். அவருக்குப் போன் அடித்துக்கொண்டே போனேன், அவர் எடுக்கவில்லை.

வளைவில் வைக்கோல் மெத்தையாகக் கிடந்தது. அடியில் பாசிமணி மாதிரி தானியம். கால் வைத்ததும் நானே வழுக்கி விழுந்தேன். இரண்டு கை அள்ளினேன். அள்ளித் தீருகிற காரியமா அது? கண்மாய்க்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் வண்டிதான்.

வளைவைத் தாண்டி ஓடி, ரோட்டு நடுவில் நின்று முந்தானையை வீசினேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நிற்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டயர் கிறீச்சிட்டது, ரப்பர் கருகிய வாடை அடித்தது. கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் என் சேலையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"லூசா நீ? செத்துருப்படி!" என்று ஹெல்மெட்டைக் கழற்றினார். உடனே பெருமை வேறு. "பாத்தியா டயரை? சூடா இருக்கு. வேற டயருன்னா உன் மேல ஏறியிருக்கும்."

அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய், போன் வெளிச்சத்தில் வளைவைக் காட்டினேன். அவர் காலை வைத்துத் தேய்த்தார். கால் சர்ரென்று போனது.

"எந்தக் கூறுகெட்ட மூதி இங்கன போட்டது?"

"நாந்தான்."

அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "சாய்க்கத்தான் வந்தேன் ஜெயா," என்றார். நான் அவர் முதுகில் அடித்து அடித்து அழுதேன்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு வெளிச்சம் தெரிந்தது. அவர் எழுந்து ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்து, வளைவில் கதிர் கிடக்கிறது என்று கத்திக்கொண்டு நின்றார். மொபெட்டில் ஒரு ஆள், பின்னால் பொம்பளை, முன்னால் தூங்கி வழிகிற பிள்ளை.

"வளைவுல போயி போட்டிருக்காங்க பாருங்க. பிள்ள குட்டி உள்ளவுங்களா இவுங்க?" என்றார் அந்த ஆள்.

"எங்க வீட்டுக் கதிருதான்," என்றார் என் வீட்டுக்காரர். "எறங்கி நடந்து வாங்க. வண்டிய நான் தள்ளித் தாரேன்."