முட்டைக் குழியில் இருந்த சொட்டு மருந்து

"என்ன தம்பி, கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேல, இன்னொரு பக்கம் காதுக்குக் கீழ. என் தலையில ரெண்டு ஆளா உக்காந்திருக்காங்க?"

சலூன் நாற்காலியிலிருந்த வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடிதான் கேட்டார். மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக முடிவெட்டும் அவள் தம்பி, கிருதாவுக்கு அளவு வைத்துப் பார்த்ததில்லை. அவன் கண்தான் அளவு. "வெளிச்சம் பத்தல சார்" என்றான். தலைக்கு மேலே மூன்று குழல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

தம்பிக்குப் பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. அது இறங்கும்போது உதட்டோரம் கொப்புளம் போட்டது. கொப்புளம் காய்வதற்குள் வலது கண் சிவந்து, கூசி, நீராய் ஊற்றியது. "டாக்டர்கிட்ட காட்டிடலாம் அண்ணி" என்று தம்பி மனைவி இரண்டாம் நாளே சொன்னாள். "எதுக்கு வீண் அலைச்சல்? என் கண்ணு ஆபரேஷனுக்குக் குடுத்த மருந்து பாதி அப்படியே இருக்கு" என்றாள் அக்கா. மிச்சமான எந்த மருந்தையும் தூக்கி எறிய மனசு வராதவள் அவள். ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் எட்டுக் குழிகளில் ஒன்று வருடக்கணக்காக அந்தப் புட்டிக்கு. முதல் சொட்டுக்கே தம்பி சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "திறடா! நாப்பத்தஞ்சு வயசாச்சு, சொட்டு மருந்துக்குப் பயப்படறான் பாரு" என்று இமையைப் பிரித்துச் சொட்டு விட்டாள்.

மூன்றே நாளில் சிவப்பு வடிந்தது. "இனிமே கண்ணு வைத்தியத்துக்கு என்கிட்டயே வாங்க" என்று பக்கத்துக் கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தாள். பிறகுதான் அவன், "புகை போட்டாப்ல இருக்குக்கா" என்றான். "மருந்து வேலை செய்யுதுடா, அப்படித்தான் இருக்கும்." இன்னும் ஒரு சொட்டு சேர்த்தே விட்டாள்.

இப்போது கண்ணாடியில் அந்த இரண்டு கிருதாக்கள். "கடையச் சாத்துடா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

கண் மருத்துவர் சாயம் தோய்ந்த ஒரு காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு எடுத்து, நீல விளக்கில் வெகுநேரம் பார்த்தார். "உதட்டுல வந்த அதே வைரஸ்தான் கண்ணுலயும் வந்திருக்கு. சின்னக் கிளை மாதிரிதான் புண் ஆரம்பிக்கும். இது பெரிய திட்டாப் பரவிக் கிடக்கே. என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடல டாக்டர். பச்சத் தண்ணியில கழுவினேன், அவ்வளவுதான்."

தம்பி அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்லும்போது ஒரு கை கட்டைவிரலை இன்னொரு கைக்குள் ஒளித்துக்கொள்வான். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். இப்போதும் ஒளித்திருந்தான். தம்பி மனைவி மட்டும் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள என்ன போச்சுன்னு தெரியாம நான் வைத்தியம் பார்த்தா, அந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து."

சொன்னால், இந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு நடமாடுவது? சொல்லாவிட்டால், அவன் எந்தக் கண்ணோடு கத்தி பிடிப்பது? அக்கா கைப்பையைத் திறந்தாள். கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிய புட்டி இன்னும் சில்லென்று இருந்தது.

"நான்தான் டாக்டர் போட்டேன். என்னோட மருந்து. இன்னிக்குக் காலையிலகூட."

மருத்துவர் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். திட்டித் தீர்ப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். "இது சிவப்பை அடக்கும். ஆனா வைரஸுக்கு வழி விட்டுடும். நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க" என்றுதான் சொன்னார்.

"பார்வை?" என்றாள் தம்பி மனைவி.

"புண்ணை ஆத்திடலாம். தழும்பு நடுவுல நின்னுச்சுன்னா மங்கல் இருக்கும். சில வாரம் போகட்டும். இந்தக் களிம்பை ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. முதல் தடவை இப்பவே போட்டுடுங்க."

வெளியே நீளமான பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். "சொல்லாமலே இருந்துடுவீங்களோன்னு பயந்துட்டேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. தம்பி மனைவி சின்னக் களிம்புக் குழாயின் மூடியைத் திருகியபோது அவன் அவள் கையைத் தொட்டான்.

"அக்கா போடட்டும்."

"வேணாம்டா. என் கை வேணாம்."

"இதுல மட்டும் என்னக்கா ரோசம்? போடு."

தம்பி மனைவி ஒரு கணம் குழாயைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நீட்டினாள்.

அக்கா குழாயடிக்குப் போய் இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்தாள். 'திறடா' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் தலையைச் சுவரில் சாய்த்து, கூசவைக்கும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி, நீர் வழிய வழிய அந்தக் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான்.