நாலாம் நம்பர் சட்டையில் மண் இல்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. திருவொற்றியூரில் ஒரு சின்னக் கல்லூரி மைதானத்தின் கேட்டுக்கு எதிரே ஃப்ளோரா தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடை பெஞ்சில் ஓசி டீ குடித்துக்கொண்டே நான் கேட்டதும், கேட்டதை அப்படியே சுமந்துபோய் மைதானச் சுவரில் இறக்கி வைத்ததும்தான் இது. பாவத்தைக் கழுவ எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நன்றி சொல்ல எழுதுகிறேன். யாருக்கு என்பது போகப் போகத் தெரியும்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கே தங்கள் கல்லூரிக்கு ஒரு கால்பந்து டீம் இருப்பது தெரியாது. ஆனால் மேட்ச் அன்றும் பயிற்சி அன்றும் மேற்குச் சுவர்மேல் முப்பது பேர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்போம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிராங்கிளின் நடுவில், நான் அவர் பக்கத்தில். எங்களில் ஒருவரும் அந்தக் கல்லூரி வாசலை மிதித்துப் படித்தவர் இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு பையனாகப் பிரித்து மேய்வதுதான் எங்கள் ஆட்டம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்று பந்தை வெளியே தள்ளிய அந்தச் சனிக்கிழமை, சுஹைப் இடது ஓரத்தில் தன்னந்தனியாக—"

வேண்டாம். கதை மைதானத்தில் நடக்கவில்லை.

அடுத்து: "ஃப்ளோராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன்—"

அதுவும் வேண்டாம். புருஷன் கதையைத் தொட்டால் நான் நாற்பது பக்கத்துக்கு நிறுத்த மாட்டேன்.

மூன்றாவதுதான் நின்றது: ஃப்ளோரா ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட் வழியாகத் தெரிவது அரை கோல் போஸ்ட்டும் வலது ஓரத்துக் கார்னர் கொடியும்தான். இடது பக்கம் முழுக்கச் சுவருக்குப் பின்னால். இருந்தும் அந்த டீமைப் பற்றி அவள் சொன்னதுதான் கடைசி வார்த்தை. காரணம், சட்டைகள்.

டீமுக்கு மொத்தம் பதினாலு சட்டை, மூன்று வருஷத்துப் பழசு. கிழிசலோடு துவைத்தால் கிழிசல் பெரிதாகும் என்பதால் முதலில் தையல், அப்புறம்தான் சலவை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேர்வையும் மண்ணுமாக ஒரு மூட்டை அவள் கடைக்கு வந்து இறங்கும். ஒவ்வொன்றாக மடியில் போட்டுத் தைப்பாள். தைத்துக்கொண்டே தீர்ப்பும் சொல்வாள்.

"பதினொண்ணாம் நம்பரு முதுகுல மட்டும் மண்ணு. தள்ளறதுக்கு முன்னாடியே வுழுந்துடறான், நடிகன். ஆறாம் நம்பரு பாக்கெட்டாண்ட சிகரெட்டு நாத்தம். ரெண்டாவது ஹாஃப்ல பாரு, மூச்சு வாங்குவான்."

பார்த்தால் வாங்குவான். சுவர் அசந்துபோகும். (சேதியைச் சுவருக்குக் கொண்டுபோவது யார் என்று கேட்கிறீர்கள். சொன்னேனே.)

3.

நாலாம் நம்பர் மட்டும் மூட்டையில் வராது. தனியாக, மடித்து, துணிக்கடைக் கவரில் வரும். கொண்டுவருவது சுஹைப். மூன்றாம் வருஷம், இடது பக்கத் தடுப்பாட்டம். சட்டையில் ஒரு பொட்டு மண் இருக்காது. ஆனால் இடுப்பில் கிழிந்திருக்கும், இடது தோளில் நூல் பிரிந்திருக்கும்.

ஃப்ளோரா யோசித்தாள். மண் இல்லை, கிழிசல் இருக்கிறது. விடை அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தது.

"இவன் எங்க ஆட்றான்? பெஞ்ச்ல குந்திகினு கீறான். பெஞ்ச்ல ஆணி கீது. அதான் கிழிக்குது."

இதைவிட ருசியான சேதி என் கைக்கு வந்ததில்லை. சாயங்காலமே சுவரில் சொன்னேன். பிராங்கிளின் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து சுஹைபுக்குப் பெயர் 'ஆணி'.

இங்கே என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். முப்பது பேரும் கண்ணெதிரேதானே உட்கார்ந்திருந்தீர்கள், அவன் ஆடியது தெரியவில்லையா? தெரிந்தது. பந்தைத் தடுக்க அவன் சறுக்கி விழுந்ததைப் பார்த்தோம். "ஆணி வழுக்கிச்சு மாமு" என்று சிரித்தோம். எழுந்து ஓடினால் "ஆணி பிடுங்கிக்கிச்சு" என்றோம். ஒரு பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும்.

4.

ஜெயவேல் மாஸ்டரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டீமுக்கு அவர்தான் பயிற்சியாளர். முந்தைய வரைவில் அவரைக் கெட்டவராக்கி, மீசைகூட வைத்திருந்தேன். நிஜத்தில் மேட்சுக்கு முன் பையன்களுக்குத் தன் கைக்காசில் வாழைப்பழம் வாங்குகிற மனிதர் அவர். அவருடைய குறை ஒன்றே ஒன்று, சுவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வார். முப்பது பேர் வாரா வாரம் 'ஆணி' என்று கத்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சீசனின் கடைசி மேட்சுக்கான பட்டியலில் அவர் சுஹைபின் பெயரை எழுதவில்லை. மூன்றாம் வருஷம் என்பதால் சுஹைபுக்கு அதற்குப் பிறகு மேட்ச் கிடையாது. கல்லூரி முடிந்தால் மணலியில் ஒரு குடோனில் வேலை, அவ்வளவுதான்.

அவர் மீசையை எடுத்துவிட்டேன்.

5.

வியாழக்கிழமை சாயங்காலம், எதிரே பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது சுஹைப் கடைக்கு வந்தான். கவரை மெஷின்மேல் வைத்தான்.

"அக்கா, இத்த மாஸ்டராண்ட குட்துடுங்க. சனிக்கிழமை நான் வர்ல. லிஸ்ட்ல பேர் இல்ல."

"இல்லன்னா இன்னா? பெஞ்ச்ல குந்து. உனுக்குப் பழக்கம்தான."

சுஹைப் சிரித்தான். நானும் சிரித்தேன். ஃப்ளோரா கவரைப் பிரித்துச் சட்டையை உதறினாள், காலரில் கை வைத்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னாடா, ஈரமா கீது?"

"காலைல தோச்சேன்க்கா. வெயில் இல்ல, காயல."

"தச்சப்புறம்தான தோய்க்கணும்? எல்லாப் பசங்களும் அப்டியேதான கொண்டாந்து போட்றானுங்க."

"நீங்க மடில போட்டுகினு தைக்கறீங்க. சேத்தோட எப்டிக்கா குடுக்கறது?"

ஃப்ளோரா சட்டையை மெஷின்மேல் விரித்தாள்.

"எப்பலேர்ந்து தோய்க்கற?"

"மொத மேட்ச்லேர்ந்து. எங்க வூடு சடையங்குப்பம்க்கா. மழ வந்தா தண்ணி உள்ள வந்துடும். சேறு அலசறதுன்னா இன்னான்னு எங்களுக்குத் தெரியும். அத்த இன்னொருத்தவங்க மடில போட மன்சு வர்ல."

அவள் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். இடுப்பில், தான் நான்கு முறை போட்ட தையலின் நூல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நான்கு முறையும் அதைப் பார்த்திருக்கிறாள். தன் மெஷின் எண்ணெய்க் கறை என்று நினைத்திருக்கிறாள். நகத்தால் சுரண்டினாள். மைதானத்து மண் உதிர்ந்தது.

"ஆணின்னு பேர் வர்றதுக்கு நான்தான் காரணம். தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா தோச்சுகினு வந்த?"

சுஹைப் தரையைப் பார்த்தான். "நீங்க இன்னொண்ணும் சொன்னீங்களாம். நாலாம் நம்பரு லெஃப்டு தோள தூக்கிகினே நடக்கறான், அதான் அங்க நூல் பிரியுதுன்னு. அது கரெக்ட்டு. சின்ன வயசுல கை ஒடஞ்சுது. அதுலேர்ந்து தோள தூக்கறத எங்க வூட்லகூட யாரும் கவனிக்கல, எனுக்கே தெரியாது. நீங்க சொன்னப்புறம் தோள எறக்கி ஓட்றேன். வலி இல்ல. என்னிய அவ்ளோ உத்துப் பாத்தது நீங்க ஒர்த்தர்தான். தேங்க்ஸ்க்கா."*

\* (தோள் சேதியையும் சுவருக்குக் கொண்டுபோனது நான்தான். யாரும் சிரிக்காததால் அன்று வருத்தப்பட்டேன். என் ஆயுளில் நான் சுமந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போது படுகிறது. அதைத் தெரியவைத்த சுஹைபுக்குத்தான் முதலில் சொன்ன அந்த நன்றி.)

6.

"இங்கயே குந்து" என்று சுஹைபிடம் சொல்லிவிட்டு ஃப்ளோரா எழுந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப்போடு சாலையைக் கடந்தாள். கன்டெய்னர் லாரி ஒன்று அவளுக்காக பிரேக் போட்டது. டீக் கிளாசோடு நான் பின்னால் ஓடினேன்.

மைதானத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இடது ஓரம் எவ்வளவு நீளம் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு சுவருக்குக் கீழே வந்து சட்டையின் உள்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. பையன் மண்ண தோச்சுட்டு குட்துகினு இருந்துகீறான். அத்தப் பாத்துட்டு, அவன் ஆடலன்னு நான் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

சுவர் தன் வார்த்தையைத் திருப்பி வாங்கிய வரலாறு கிடையாது. பிராங்கிளின்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அப்போ போன மேட்ச்ல கோல் லைன்ல சறுக்குனானே…"

"சறுக்குனான்ல? நீ கண்ணால பாத்த. நான் பாக்கல. பாத்தவன் நீ சிரிச்ச."

பிராங்கிளின் காலை மடக்கிக்கொண்டார்.

ஜெயவேல் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "லிஸ்ட்ட சனிக்கிழமை காலைலதான் குடுக்கணும். யோசிக்கிறேன்மா" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் சேர்த்து எழுதவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஃப்ளோரா இடுப்புக் கிழிசலை ஐந்தாவது முறை தைத்தாள். இந்த முறை இரட்டை நூல். சட்டையைச் சுஹைபிடம் நீட்டினாள்.

"சனிக்கிழமை வா. ஆட வுட்டா ஆடு. ஆடிட்டு, தோய்க்காம கொண்டா."

"அக்கா, மடில…"

"என் மடி. நான் பாத்துக்கறேன்."

7.

முடிவு இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) மாஸ்டர் அவனைக் கடைசி இருபது நிமிஷம் இறக்குகிறார். அவன் கோல் கோட்டில் சறுக்கி ஒரு பந்தை—

(ஆ) பெயர் இல்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சில் ஆணியே இல்லை என்று—

இரண்டையும் கிழித்தேன். நடந்தது எனக்குத் தெரியும். ஃப்ளோராவுக்குத் தெரியாது. வாக்கு தவற முடியாத ஒரு கல்யாண ஆர்டர், அன்றும் கடையை விட்டு எழ முடியவில்லை. மேட்ச் முடிந்து நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, "சட்ட வரட்டும். அது சொல்லும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

இன்று திங்கட்கிழமை. மூட்டை வந்து இறங்கியாயிற்று. பக்கத்தில் தனியாக அந்தத் துணிக்கடைக் கவர், வாயில் முடிச்சு போட்டு. ஃப்ளோரா மடியில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முடிச்சில் கை வைத்திருக்கிறாள்.

ஒரு சேதியைச் சுமந்துபோனதில் ஒரு பையன் ஒரு சீசன் முழுக்க 'ஆணி' ஆனான். அதனால் இந்தச் சேதியை நான் சுமக்கப் போவதில்லை. நகர்ந்து இடம் விட்டிருக்கிறேன். பெஞ்சில் இப்படி உட்காருங்கள். முடிச்சு அவிழ்கிறது, நீங்களே பாருங்கள்.