கதவுப் பக்கம்

"கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பீங்க, மிஸஸ் வீசர்?" என்று டார்லா கேட்டபோது லியோனாவின் கையில் மூன்றாவது ரிவால்வர் இருந்தது. முதல் இரண்டும் கண்ணாடி மேசையின் மேல் தோட்டா உருளை திறந்தபடி கிடந்தன. இதுவரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் தயங்காமல் பதில் சொல்லியிருந்தாள். கைப்பையில் வைத்துக்கொள்ளவா வீட்டில் வைக்கவா, கண் பார்வை எப்படி, வீட்டுக்குக் குழந்தைகள் வந்து போவார்களா என்று எல்லாவற்றுக்கும். இந்தக் கேள்வி மட்டும், குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்த மாதிரி இருந்தது.

"ஜன்னல் பக்கம்" என்றாள்.

டார்லா குனிந்து ஒரு தோட்டா டப்பாவின் பின்பக்கத்தில் பேனாவால் கட்டில் ஒன்றை வரைந்தாள். ஒரு பெட்டி, அதில் இரண்டு தலையணை, ஓர் ஓரத்தில் கதவு. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். இருபத்தாறு வருஷம் அந்தப் பள்ளிச் சமையலறையில் கரண்டி பிடித்தவள் லியோனா. புதன்கிழமை என்றால் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும். அன்று பட்டாணியைத் தொடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த டார்லா இன்று ஐம்பதைத் தாண்டி, கன்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், இரும்புக் கடையின் பின்பாதியில் துப்பாக்கி விற்கிறாள். கடை முழுக்க அவள் சொல்தான். ஆனாலும் லியோனாவைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு இன்னும் நா எழவில்லை.

லியோனா இங்கே வந்ததற்குக் காரணம் செம்புக் கம்பி. அக்டோபரில் ஒரு ராத்திரி யாரோ லாரியில் வந்து அவள் வயலின் பாசன இயந்திரத்திலிருந்து கம்பியை அறுத்துக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் எல்லோருக்கும் நடப்பதுதான். கம்பி போனால் போகிறது. அறுக்கிற சத்தம் கேட்டது, விளக்கு வெளிச்சம் ஜன்னல் திரையில் நகர்ந்தது, இருவர் சிரித்துக்கொண்டது கூடக் கேட்டது. அவளோ போர்வைக்குள் அப்படியே கிடந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொலைபேசியை எடுத்தால் அதன் வெளிச்சம் தெரிந்துவிடும் என்று அதைக்கூட எடுக்கவில்லை. போலீஸ்காரர் காலையில் வந்து எழுதிக்கொண்டு போனார். "கூப்பிட்டிருந்தாலும் நாங்க வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்மா" என்று அவர் ஆறுதலாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

டென்வரில் இருக்கும் மகள் ஜனெல்லுக்கு விஷயம் தெரிந்ததும், ஏற்கெனவே பேசி வைத்திருந்ததை முடிவாகப் பேசினாள். தன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. லிஃப்ட் உண்டு, வாசலில் காவலாளி உண்டு, அம்மாவின் வயதில் பத்துப் பதினைந்து பெண்கள் உண்டு. அப்பா தவறிப்போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் எதைக் காத்துக்கொண்டு அங்கே தனியாக? எலி வளையானாலும் தனி வளை என்பதை மகளுக்குப் புரியவைக்க லியோனாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பேரம் பேசினாள். ஒரு துப்பாக்கி வாங்குகிறேன், சுடக் கற்றுக்கொள்கிறேன். அடுத்த வாரம் நன்றி நாள் விடுமுறைக்கு நீ வரும்போது உன் கண் முன்னால் சுட்டுக் காட்டுகிறேன். முடியாவிட்டால் உன்னோடு காரில் ஏறிவிடுகிறேன். சொன்ன பிறகுதான், எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டோம் என்று உறைத்தது.

கடையில் அவள் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதைத்தான்: இருப்பதிலேயே சின்னது, இருப்பதிலேயே லேசானது. காப்பிப் பானைக்குப் பக்கத்து நாற்காலியில் காலை முதல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கிழவர் வெர்லினும் அதற்கு ஒத்து ஊதினார். இவர் வாங்குவது வருஷத்துக்கு ஒரு டப்பா தோட்டா, குடிப்பது ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. பொம்பளைக்கு அதுதான் சரி, பொட்டலம் உப்பு மாதிரி பைக்குள்ளே கிடக்கும் என்றார். டார்லா ஒன்றும் மறுக்கவில்லை. லேசானதையே எடுத்துக்கொண்டு, பின்பக்க மண்மேட்டுக்கு லியோனாவை அழைத்துப்போய் ஐந்து தோட்டா போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது குண்டோடு லியோனா அதைக் கீழே வைத்துவிட்டாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"லேசா இருந்தா உதை முழுக்க உங்க கைக்குத்தான் வரும். கனமா இருந்தா அது கொஞ்சம் வாங்கிக்கும்" என்றாள் டார்லா. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று லியோனா கேட்டதற்கு, சொன்னால் யாரும் நம்புவதில்லை, வெர்லினைத்தான் நம்புகிறார்கள் என்று பதில் வந்தது.

அப்படித்தான் இந்த மூன்றாவது வந்தது. எஃகு, குட்டையான குழல், மரப்பிடி, ஐந்து தோட்டா. துணியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தோட்டாவை அடிக்கும் சுத்தியல் உள்ளே ஒளிந்திருந்தது. தோட்டா தானாகவே ஏறும் பிஸ்டல் ரகங்களில் பின்பகுதியைப் பிடித்து இழுக்க வேண்டும், அதற்கு லியோனாவின் விரல்களில் வலு இல்லை. இதில் விசையை இழுத்தால் போதும். டார்லா ஒவ்வொரு முறையும் உருளையைத் திறந்து காட்டித்தான் கையில் கொடுப்பாள். வாங்குகிறவள் உள்ளே பார்த்துவிட்டு "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொடுக்கமாட்டாள். பட்டாணியைத் தின்னாமல் எழுந்திருக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் தான் இவளிடம் அடம்பிடித்தது லியோனாவுக்கு நினைவு வந்தது. வலது கையால் விசை நன்றாக இழுபட்டது. மண்மேட்டில் ஐந்துக்கு நாலு, குறிக்காக நட்டிருந்த இரும்புத் தட்டில் பட்டது. அப்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

பெருமை அந்தக் கட்டில் படம் வரும் வரைக்கும்தான். டார்லா படத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினாள். ஜன்னல் பக்கம் படுத்தால் கட்டிலோர மேசை இடது கைக்கு வரும். தூக்கத்தில் எழுந்து இடது கையில் எடுத்து, வலது கைக்கு மாற்றி, அப்புறம் கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இருட்டில் கைமாற்றுவதைப் போல ஆபத்து வேறு இல்லை. "பேசாம இந்தப் பக்கம் வந்துருங்க. கதவு நேரா தெரியும், மேசை வலது கைக்கு வந்துரும்" என்று கதவோரத் தலையணையின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

லியோனா அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் கல்யாணமான ராத்திரியிலிருந்து ஆண் கதவுப் பக்கம், பெண் ஜன்னல் பக்கம். எந்தப் பாதிரியாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வருகிறவன் முதலில் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பது அதன் பொருள். நாற்பத்துநாலு வருஷம் அவள் புருஷன் கிளெட்டஸ் கதவுப் பக்கம் படுத்தான். விடுமுறைக்கு எங்காவது போய் விடுதியில் தங்கினாலும், பெட்டியைக் கீழே வைக்குமுன் கதவு எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பான். அவன் போன பிறகு அவள் விரிப்பை மாற்றினாள், அவன் சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாள், ஆனால் தன் பக்கத்தை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. காலையில் எழுந்து பாதிக் கட்டிலை மட்டும் சரிசெய்தால் போதும். இதை யாரிடம் சொல்ல முடியும்?

அதனால் "இடது கையாலேயே சுடறேன்" என்றாள்.

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாதாடாமல் பழகுவதற்கான வெடிக்காத போலித் தோட்டா ஐந்தை எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். லியோனாவின் இடது ஆள்காட்டி விரல் மூட்டு எப்போதோ வீங்கிப்போனது. அடுப்புத் தட்டுகளைத் தூக்கித் தூக்கி வந்த வீக்கம். விசை பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி முயன்றாள். குழல் நடுங்கிக்கொண்டே போய்த் தரையைப் பார்த்தது. அந்த லேசானதையே கொடு, அது இழுபடும் என்றாள். அதுவும் இழுபடவில்லை. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, வெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டார்லா திரும்பிப் பார்த்த பார்வையில், கோப்பையை எடுத்துக்கொண்டு ஆணிகள் இருக்கும் பக்கமாக நடந்துவிட்டார்.

"மிஸ்டர் வீசர்கிட்ட ஒண்ணு இருந்திருக்கணுமே?" என்று டார்லா மெல்லக் கேட்டாள்.

இருக்கிறது என்றாள் லியோனா. அவன் அப்பாவுடையது, நீளக் குழல், கறுப்பு. அவன் படுக்கும் பக்கத்து மேசை இழுப்பறையில். கல்யாணமான புதிதில் பார்த்தது. அவன் இழுப்பறையை அவள் திறந்ததில்லை, அவளுடையதை அவன் திறந்ததில்லை. வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் இழுப்பறை இழுபடும் சத்தம் வரும், பிறகு அவன் காலடி, பிறகு வாசலின் வலைக் கதவு. அவன் திரும்பி வந்து "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பான். அதற்குள் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். அந்த இழுப்பறைச் சத்தம் கேட்டால் போதும், அவளுக்குப் பயம் போய்விடும். "அது எனக்குப் பெருசு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

டார்லா போலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் வைத்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு ஒமாஹாவுக்குப் போய்விட்ட கதை ஊருக்கே தெரியும்.

"நான் இப்ப நடுவுல படுக்கறேன்" என்றாள், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "அந்த இடத்துக்கு வர மூணு வருஷம் ஆச்சு."

லியோனா எஃகு ரிவால்வரைத் தன் பக்கம் இழுத்து, உருளைக்குள் பார்த்து, "காலி" என்றாள். துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய அரசாங்கப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள் டார்லா. சட்டத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பவரா, போதைப் பழக்கம் உள்ளவரா, உங்களுக்காகவேதான் வாங்குகிறீர்களா. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் எழுதினாள். உங்களுக்காகவேதான் வாங்குகிறீர்களா என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. டார்லா தொலைபேசியில் அரசாங்கப் பதிவைக் கேட்டுச் சரிபார்த்தாள், நாலு நிமிஷத்தில் சரி என்று வந்துவிட்டது. கிளம்பும்போது டார்லா ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள்: பகல் வெளிச்சத்திலேயே, போலித் தோட்டாவோடு, கட்டிலில் படுத்துக் கண்ணை மூடி, பத்துத் தரம் எடுத்துப் பழக வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தன. கம்பி இல்லாத பாசன இயந்திரம் நடுவயலில் நின்றது. லியோனா கோட்டைக் கழற்றி மாட்டினாள், காப்பி போட்டாள், குடிக்கவில்லை. காலணிகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக்குப் போய், கட்டிலைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்து நின்றாள். ரிவால்வருக்கு இடம் வேண்டும். இழுப்பறையைத் திறந்தாள்.

கறுப்புத் துப்பாக்கி இல்லை. நெஞ்செரிச்சல் மாத்திரை பாதிப் பொட்டலம் இருந்தது. காது கேட்கும் கருவிக்கான பொத்தான் பேட்டரிகள் இருந்தன. ஒரு கைவிளக்கு இருந்தது, பிடியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி, பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது. இழுப்பறையின் உள்பக்கப் பலகையில், குழந்தைகள் ஒட்டும் ஒரு மஞ்சள் வாத்துப் படம், வெளுத்துப்போய். ஜனெல் தவழ்ந்து எல்லாவற்றையும் இழுத்துத் திறக்கத் தொடங்கிய வருஷமாக இருக்க வேண்டும். துப்பாக்கியை அப்போதே எங்கேயோ அப்புறப்படுத்திவிட்டான், சொல்லவில்லை. அத்தனை ராத்திரிகளும் இந்த விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டுதான் வெளியே போயிருக்கிறான். லியோனாவுக்குக் கோபம் வந்தது. அடப்பாவி, எதை நம்பி நான் தூங்கினேன்.

விளக்கை அழுத்திப் பார்த்தாள். மங்கலாக எரிந்தது. அதை அணைத்து இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ரிவால்வரை வைத்து, இழுப்பறையை மூடினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, கதவுப் பக்கம் படுத்தாள். அவன் உடம்பு அழுத்திய பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இங்கிருந்து பார்த்தால் கூடம் தெரிந்தது, கூடத்தின் கோடியில் சமையலறை, அடுப்புக்கு மேலே அவள் எப்போதும் அணைக்க மறக்கும் சின்ன விளக்கு. இத்தனை வருஷம் அவன் பார்த்தது இதை. முன்னறையில் தொலைபேசி அடித்தது, ஜனெல்லாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி இழுப்பறையை இழுத்தாள். மரம் உரசும் அந்தச் சத்தம் வந்தது. மூடினாள். மறுபடி இழுத்தாள், மறுபடி அந்தச் சத்தம். எத்தனை தரம் என்று எண்ணிக்கை தப்பிப்போனது. கடைசியில் அவள் ரிவால்வரைத் தொடாமலே இழுப்பறையை மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள். சாயங்கால வெயில் தன்னுடைய தலையணையின் மேல் விழுந்திருந்தது. நடுவில் தலை வைத்துப் படுத்த குழி அப்படியே இருந்தது. லியோனா அதன் மேல் கையை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "தூங்கு."