கிரகணத்துக்கு வெட்டிய படம்

சூரிய கிரகணம் பார்ப்பதற்காக மகளின் எக்ஸ்ரே படத்தை ஹமீத் கத்தரிக்கோலால் வெட்டிப் பங்கிட்டபோது தெருவே அவனை மெச்சியது. அவ்வளவு நேராக வெட்டக்கூடிய தையல்காரன் யாழ்ப்பாணத்தில் வேறு யார்? நெஞ்சின் கறுத்த இரண்டு பக்கங்களும் அயலுக்குப் போயின. நடுவில் வெள்ளையாகக் கிடந்த இருதயத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை. அதனூடே பார்த்தால் கண் கூசியது.

ஸபூராவுக்கு ஒன்பது வயது. வாதக்காய்ச்சல் வந்து இருதயம் வீங்கியதிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. மாதம் ஒரு ஊசி போட்டால் காய்ச்சல் திரும்பாது, வீக்கம் கூடாது என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்களாம். ஸபூராவின் இருதயத்துக்கு அந்தச் செய்தி எட்டியதா என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் எல்லாரும் "பாப்பம்" என்றார்கள். பெருநாள் சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஹமீதும் அதையேதான் சொல்வான். ஆகையால் அந்தச் சொல்லின் பெறுமதி அவனுக்குத் தெரியும்.

மறுவாரம் புதுப் படம் எடுத்தார்கள். டொக்டர் கனகாம்பிகை அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"பழைய படம்?"

ஹமீத் கிரகணத்தைப் பற்றிச் சொன்னான். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். வெளியே வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குள்ளாலை சூரியனைப் பாத்தால் கண் போயிடும், தெரியுமோ?"

"கொஞ்ச நேரந்தான் பாத்தனாங்கள், டொக்டர்."

"நீங்கள் தையல்காரன்தானே? போன வருஷத்து அளவு இல்லாமல் ஒராள் பருத்திட்டுதோ எண்டு சொல்லுவீங்களோ?"

ஹமீத் இல்லையென்று தலையாட்டினான்.

"நெஞ்சின்ரை அகலத்தோடை வைச்சுத்தான் இருதயத்தை அளக்கிறது. நாளைக்கு முழுசாக் கொண்டாங்கோ."

ஆக, மகளின் நுரையீரல்களைத் தேடித் தகப்பன் வெயிலில் புறப்பட்டான். வலது, சலூன்காரத் தம்பிஐயாவின் கண்ணாடி மூலையில் செருகிக் கிடந்தது. இடதை வெல்டிங் கடை நஸ்ருதீன் அட்டையில் ஒட்டி முகத்துக்கு முன்னால் பிடித்தபடி முறிந்த சைக்கிள் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"உது என்ரை பிள்ளையின்ரை நெஞ்சடா. தா!"

"மச்சான், அப்ப இனி வாற கிரகணத்துக்கு?"

"கண்ணை மூடிக்கொண்டு இரு."

வீட்டில் மனைவி கைருன்னிஸா படத்தைப் பிடிக்க, ஹமீத் ஒட்டினான்.

"ஊராரின்ரை துணி வெட்டுத் துண்டெல்லாம் உங்கடை பெட்டியிலை பத்திரமாக் கிடக்குது," என்றாள் அவள். "பிள்ளையின்ரை படத்தைத்தானா பங்கு வைச்சீங்க?"

அவன் விளிம்போடு விளிம்பைச் சேர்த்து அழுத்தினான். படுத்திருந்த ஸபூரா எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, ஒட்டுத் தெரியாமல் ஒட்டுங்கோ. டொக்டர் ஏசுவா."

மறுநாள் டொக்டர் இரண்டு படங்களையும் அருகருகே மாட்டினார். அடிமட்டத்தை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஹமீத் முந்திக்கொண்டான்.

"பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, டொக்டர். அந்தச் சொல்லை வைச்சுத்தான் நானும் பிழைக்கிறன்."

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து அவனை நேராகப் பார்த்தார்.

"வீக்கம் கூடேல்லை. வந்த வீக்கம் வந்ததுதான், அது இனிப் போகாது. ஒரு மாசம் ஊசியைத் தவறவிட்டாலும் கூடலாம். பிள்ளை வளந்து பெரியாளாகிற மட்டும் போடவேணும், நீங்கள் களைச்சுப்போவீங்கள். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ."