கால் சுற்றுத் தளர்வு

அந்த ஜப்பான்காரன் அலுவலகத்தின் எட்டு சைக்கிள்களையும் நான் வேண்டுமென்றேதான் அரைகுறையாகப் பழுது பார்த்து அனுப்பினேன். திறமை இல்லாமல் இல்லை. மலாக்காவில் என்னைவிட நன்றாக சைக்கிள் பார்ப்பவன் அன்றைக்கு யாரும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம். காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனையில் என் கடை. மாதக் கடைசியில் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜெயபாலன் எனக்கு ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார். 'கலியாணசுந்தரம், சைக்கிள் ரிப்பேர், இங்கே தேவைப்படுகிற ஆள்.' அந்தச் சீட்டு இருக்கும்வரை சயாமுக்கு ரயில் பாதை போட என்னை லோரியில் ஏற்ற மாட்டார்கள். எங்கள் வரிசையிலிருந்து மூன்று பேர் போனார்கள். போனது போனதுதான், ஒரு தகவலும் இல்லை.

சீட்டு வேண்டுமென்றால் சைக்கிள்கள் கெட வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த இடம் கைப்பிடியின் கழுத்து. அங்கே மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், இரண்டிலும் சின்ன இரும்புக் குண்டுகள். அவற்றின் மேல்தான் கைப்பிடி திரும்புகிறது. ஆட்டம் இல்லாதபடி முடுக்கி, மேலே பூட்டு நட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போக வேண்டாம். நான் முடுக்கிய பிறகு கால் சுற்று தளர்த்தி விடுவேன். டயரும் டியூபும் இல்லாமல் தோட்டத்து ரப்பரை வெட்டிச் சுற்றிய சக்கரங்கள். ஒவ்வொரு குழியும் நேராகக் கழுத்தில் இடிக்கும். பத்து நாளில் கடகடவென்று ஆடிக்கொண்டு வண்டி என்னிடமே வந்து நிற்கும்.

சுப்பையன் ஆயர் குரோ சாலையில் விழுந்த அன்றுதான் இதில் இன்னொருவன் உயிரும் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோகிற ஆள் அவன். ஆயர் குரோ, தெங்கேரா என்று நாள் முழுக்க மிதிப்பான். உதடு கிழிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"இறக்கத்துல பிரேக் புடிச்சேண்ணே. ஹேண்டில் உதறுச்சு, திருப்புனா திரும்பல," என்றான். "ஒரு மணி நேரம் லேட்டு. ஆபீசர் ரெண்டு அறை விட்டான். இன்னொரு வாட்டி லேட்டா வந்தா சயாம் லிஸ்ட்ல பேரு எழுதிருவேன்னு சொல்லிட்டான். கைக்குழந்த இருக்குண்ணே வீட்டுல. கொஞ்சம் நல்லா பாத்துக் குடுங்க."

என்மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

அவன் ஓட்டுகிற ஒரு வண்டியை மட்டும் சரி செய்துவிடலாம் என்று பார்த்தால், இன்னாருக்கு இந்த வண்டி என்று அங்கே கிடையாது. காலையில் கைக்கு எது வருகிறதோ அதுதான். செய்தால் எட்டையும் செய்ய வேண்டும்.

என் மனைவி கமலவேணியிடம் சொன்னேன். மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எட்டையும் சரி பண்ணிட்டா அப்புறம் சீட்டு யாரு குடுப்பா? உங்கள ஏத்திக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?"

"அவன் விழுந்தா தள்ளிவிட்டது நான்தானே."

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மெழுகுவத்தித் துண்டுகளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். கிரீஸ் கிடைக்காத காலம் அது. செம்பனை எண்ணெயில் மெழுகு உருக்கிச் சேர்த்தால்தான் குண்டுகள் கிண்ணத்தில் ஒட்டி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தவணையாக ஒவ்வொன்றாய் வரவழைத்து எட்டையும் பிரித்தேன். கீழ்க் கிண்ணங்களில் குண்டுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் அவை உட்கார்ந்துகொள்வதால்தான் கைப்பிடி நேராகவே மாட்டிக்கொள்கிறது. எல்லாம் என் கைவேலை. புதுக் கிண்ணத்துக்கு எங்கே போவது? தட்டிக் கழற்றி, பள்ளங்கள் பக்கவாட்டில் போகும்படி திருப்பி அடித்தேன். பழைய இரும்பிலிருந்து ஒரே அளவான குண்டுகளாகப் பொறுக்கிப் போட்டேன். ஆட்டம் போகும் வரை முடுக்கினேன், பூட்டு நட்டை இறுக்கினேன். தளர்த்தவில்லை. கை வலித்தது. பசி வேறு. எந்தப் பெருமையும் தோன்றவில்லை, படுத்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த மாதம் ஒரு வண்டிகூட வரவில்லை. மாதக் கடைசியில் கிராணி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவரும் களைத்துப் போயிருந்தார்.

"ஒரு ரிப்பேரும் இல்லியே சுந்தரம். தேவைப்படுற ஆளுன்னு எத வெச்சு எழுதறது? மேல கேட்டா நான் மாட்டிக்குவேன்."

"ஆமாங்கய்யா," என்றேன். வேறு என்ன சொல்ல? வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்றா? கையெழுத்துப் போடாமலே சீட்டை மேசைக்குள் வைத்தார்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் காலை சுப்பையன் கடை முன்னால் வந்து இறங்கினான். அந்த மாதம் அவன் ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். என் பெயர் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு லோரி. கமலவேணி உள்ளேயிருந்து வந்து, காகிதத்தைப் பார்த்துவிட்டு, என் மாற்று வேட்டியை எடுக்க உள்ளே போனாள்.

சுப்பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க போயிட்டா இந்த வண்டிங்கள யாருண்ணே பாப்பா?" என்றான்.

"ஒரு வருசத்துக்கு யாரும் பாக்க வேணாம் சுப்பையா," என்றேன்.